சுமாராக ஆடும் உரிமை

"கோலப்போட்டிக்கு அந்தப் பக்கம் மேடம்" என்றான், நோட்டை வைத்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பையன்.

"கோலம் இல்ல தம்பி. கேரம். இரட்டையர். எங்க ரெண்டு பேர் பேரையும் எழுதிக்க" என்றாள் அக்கா.

பையன் பேனாவை மூடினான். உள்ளே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தான். மூவரும் தள்ளி நின்று பேசினார்கள். நோட்டீசில் 'யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம்' என்று அவர்களேதான் அச்சடித்திருந்தார்கள். 'யார்' என்ற சொல்லுக்குள் நாங்களும் வருவோம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை. கடைசியில் 200 ரூபாயை வாங்கிக்கொண்டு எழுதினான்: 'மேடம் டீம்'. எங்கள் பெயரைக் கேட்கவே இல்லை.

முண்டியம்பாக்கத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பொங்கல் விழா அது. ஆண்களுக்குக் கபடி, உறியடி, கேரம். பெண்களுக்குக் கோலம், மியூசிக்கல் சேர், லெமன் அண்டு ஸ்பூன். எந்த ஊர் நோட்டீசைப் பார்த்தாலும் இதே பட்டியல்தான். எலுமிச்சம்பழம் கீழே விழாமல் கரண்டியை வாயில் கவ்வி நடப்பதில் நாங்கள் காலம் காலமாகத் தேர்ச்சி பெற்றவர்கள். அதற்குத் தனியாக ஒரு போட்டி எதற்கு என்று தெரியவில்லை.

நான் முண்டியம்பாக்கத்தில் நர்ஸ். அக்கா லேப் டெக்னீஷியன், என்னைவிட ஆறு வயது பெரியவள். 2010இல் இங்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு எங்களைப் போல எத்தனையோ பெண்கள் வேலைக்காக இங்கே குடிவந்தோம். சர்க்கரை ஆலைப் பக்கம் இருந்த ஒரு லைன் வீட்டில் அக்கா குடியிருந்தாள். ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனபோது கதவுக்குப் பின்னால் ஒரு கேரம் போர்டு சாய்த்து வைத்திருந்தது. "யார் ஆடுவாங்க?" என்றேன். "பசங்களுக்குன்னு வாங்கினது. அதுங்க போனை விட்டு எழுந்தாத்தானே. ஆடத் தெரியுமா உனக்கு?" என்றாள்.

தெரியும். எனக்கு எட்டு வயது இருக்கும்போது அப்பா விழுப்புரத்திலிருந்து ஒரு போர்டை பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்தார். அண்ணன்கள் இருவரோடும் நான்தான் மூன்றாவது கை. சின்ன அண்ணனை அழவைக்கிற அளவுக்கு ஆடினேன். நான் வயதுக்கு வந்த வருடம் போர்டு வீட்டைவிட்டுப் போனது. தெருமுனைத் திண்ணையில் மேலே குண்டு பல்பு தொங்கவிட்டு அண்ணன்களும் அவர்கள் கூட்டாளிகளும் 'கிளப்' வைத்தார்கள். யாரும் என்னை வரக் கூடாது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. எங்கள் வீட்டு போர்டு சத்தத்தை நான் இரவில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

கேரம் ஆட மைதானம் வேண்டாம். 29 அங்குலச் சதுரம் போதும். புஜபலமும் வேண்டாம், 15 கிராம் ஸ்ட்ரைக்கரைச் சுண்ட ஒரு விரல் போதும். பெண்ணுக்கு உடல் வலு போதாது என்கிற வழக்கமான காரணம் இங்கே செல்லாது. இருந்தும் திண்ணை அவர்களுடையது. வெளிநாட்டு கோல்ஃப் கிளப்புகளாவது இதை வெளிப்படையாகச் செய்தன. ஸ்காட்லாந்தில் 1754இல் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப், பெண்களை உறுப்பினராகச் சேர்க்க 2014இல்தான் ஓட்டுப் போட்டது. அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் 2012இல்தான் கதவைத் திறந்தது. எழுதிவைத்த விதியை எதிர்த்துப் போராடலாம், ஓட்டெடுப்பு நடத்தி மாற்றலாம். எங்கள் தெருமுனையில் மாற்றுவதற்கு எந்த விதியும் இல்லை.

அக்கா வீட்டில் ஞாயிறு மதியங்களில் ஆடத் தொடங்கினோம். போரிக் பவுடர் தூவி, காய் அடுக்கி, ஒரு போர்டு முடிவதற்குள் குக்கர் மூன்று முறை கூப்பிடும். மாமியாருக்கு மாத்திரை, பெரியவனுக்கு யூனிஃபார்ம், வாசலில் காய்கறி வண்டி. அக்கா எழுந்து போய் வருவாள், நான் காய்களைக் கலைக்காமல் காத்திருப்பேன். 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பற்றிப் படித்தபோது அந்த மதியங்கள்தான் ஞாபகம் வந்தன. இந்தியாவில் வீட்டுவேலை பார்க்கிற பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒருநாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். மிச்சமிருக்கும் அந்த இருநூறு நிமிடத்தில்தான் திண்ணைகளில் பல்பு எரிகிறது.

போட்டிக்குப் பேர் கொடுத்ததை அக்கா வீட்டில் சொன்னபோது அவள் கணவர் சிரித்தாராம். "நீ என்ன இளவழகியா?"

வியாசர்பாடி இளவழகியைத்தான் சொன்னார். 2008இல் பிரான்ஸின் கான் நகரத்தில் உலக சாம்பியன் ஆனவர். பிறகு 2024 நவம்பரில், அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில் காசிமேட்டு ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள், 17 வயது காசிமா, மூன்று தங்கம் வென்றார். இருவரையும் நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அன்றைக்கு அந்தப் பெயர் எங்களை நோக்கி வந்த விதம் வேறு. உலக சாம்பியன் ஆகிற பெண் மட்டும் ஆடலாம், மற்றவளுக்கு அடுப்பில் வேலை இருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

அக்கா சண்டை போடவில்லை. "நீங்க இருபது வருஷமா கிளப்புக்குப் போறீங்களே, எந்த ஊர் கோப்பை வாங்கியாந்தீங்க?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

போட்டி அன்று இரவு நாங்கள் இருவரும் சுடிதாரில் போனோம். முதல் சுற்றில் எதிரே இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள். கேரத்தில் நாற்காலியை நகர்த்தக் கூடாது, எழுந்து நின்று அடிக்கக் கூடாது. தள்ளியிருக்கும் காய்க்கு உட்கார்ந்தபடியே குனிய வேண்டும். குனிந்தபோதுதான் சுற்றி நின்ற கூட்டம் எங்கே பார்க்கிறது என்று தெரிந்தது. துப்பட்டாவைச் சரிசெய்தால் அதன் நுனி காயில் படுகிறது, சரிசெய்யாவிட்டால் கண்கள் மேலே படுகின்றன. முதல் இரண்டு போர்டில் காயைப் பார்த்து ஆடியதைவிடத் துப்பட்டாவைப் பார்த்து ஆடியதுதான் அதிகம். இரட்டையரில் கூட்டாளி எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பார், ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. அக்கா பேசவில்லை. தன் துப்பட்டாவை உருவி, இடுப்பைச் சுற்றி இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள். என்னைப் பார்த்தாள். நானும் போட்டேன்.

அந்தச் சுற்றில் ஜெயித்தோம். "பசங்க கூச்சத்துல விட்டுட்டானுங்க" என்று ஒரு குரல் வந்தது.

இரண்டாவது சுற்றில் விழாக் குழு ஆட்களே எதிரே உட்கார்ந்தார்கள். அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை, நாங்களும் விடவில்லை. 25 பாயின்ட் ஆட்டத்தில் நாங்கள் 20, அவர்கள் 18. கூட்டம் அமைதியாகிவிட்டது. நடுவில் இரண்டு முறை அக்காவின் போன் மேசைக்கடியில் அதிர்ந்து அடங்கியது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ரெட்டை நான் போட்டேன். ஃபாலோவுக்கு மூலையில் ஒரு வெள்ளைக்காய், கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடியது. விரல் நடுங்கியது. காய் பாக்கெட் வாயில் மோதித் திரும்பி வந்தது. ஃபாலோ இல்லையென்றால் ரெட் செல்லாது, மறுபடி நடுவில் வைத்துவிடுவார்கள். அடுத்து ஆடியவர் அதைப் போட்டார், ஃபாலோவும் போட்டார். போர்டு முடிந்தபோது எங்கள் காய் நான்கு மிச்சம். நான்கும் ரெட்டுக்கு மூன்றும் சேர்ந்து அவர்களுக்குச் சரியாக 25.

ஸ்கூட்டியில் திரும்பும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர்கள் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தன. காற்றில் வெல்லப்பாகு வாடை. எனக்கு அழுகை முட்டியது. "என்னாலதான்க்கா போச்சு. அதுவும் அவங்ககிட்ட. பொம்பளைங்கன்னா இப்படித்தான்னு சொல்லுவாங்க" என்றேன்.

அக்கா வண்டியை ஓரம்கட்டினாள். "இன்னைக்கு பதினஞ்சு டீம் தோத்துச்சு பாப்பா. அதுல பதினாலு ஆம்பளைங்க டீம். ஆம்பளைங்களே இப்படித்தான்னு எவனாவது அழுதானா? ஃபாலோ விட்டா ஃபாலோ விட்டதுதான். வேற ஒண்ணும் இல்ல."

அந்த இரவுக்குப் பிறகு இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். என் அண்ணன்கள் பத்து வருடம் திண்ணையில் ஆடினார்கள். மெடல் இல்லை, கோப்பை இல்லை. இருவருமே சுமாரான ஆட்டக்காரர்கள். அவர்கள் ஏன் ஆடுகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை, பிடித்திருந்தது, ஆடினார்கள். பெண் ஆட வேண்டுமென்றால் மட்டும் அவள் ஊருக்குப் பெருமை சேர்க்க வேண்டும், வேலையில் சேர இடஒதுக்கீடு வாங்கித் தர வேண்டும், குறைந்தபட்சம் உடம்பாவது குறைய வேண்டும். எதற்கும் உதவாத ஒரு மாலைப்பொழுது அவள் கணக்கில் இல்லை. சாதிக்கிற பெண்ணைக் கொண்டாட நம் ஊர் கற்றுக்கொண்டுவிட்டது. சும்மா ஆடி, சுமாராக ஆடி, தோற்று, சாவகாசமாக வீட்டுக்கு வருகிற பெண்ணைத்தான் அதற்கு இன்னும் பழக்கமில்லை.

அக்கா வீட்டு வாசலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் கணவர் கதவைத் திறந்தார். "என்னாச்சு?" "தோத்துட்டோம்" என்றாள் அக்கா, பெருமையாக. அவர் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு, "சோறு போட்டு வச்சிருக்கேன்" என்றார். அது அவருடைய 88 நிமிடத்தில் சேர்ந்ததா என்று நாங்கள் கேட்கவில்லை.

அடுத்த பொங்கலுக்கும் பேர் கொடுக்கப் போகிறோம். இந்த முறை நோட்டில் எங்கள் பெயரை நாங்களே எழுதுவதாக இருக்கிறோம். ஞாயிறு மதியங்களில் மூலைக் காயை வைத்து நான் ஃபாலோ பழகுகிறேன். இன்னும் பாதிக்குப் பாதி விடுகிறேன்.