அழுகண்ணி கண் திறக்கும் வேளை

ஏரி என்றதும் நம் வட்டாரத்தார் நீரையும் நெல்லையுமே நினைப்பர். முதலாம் பராந்தக சோழன் காலத்திலே, 919, 921 ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகளில், ஏரியைக் காப்பதற்கென்றே ஒரு வாரியத்தை வகுத்த உத்திரமேரூர் அல்லவா இது! ஆனால் ஏரி நீர் பின்வாங்கும் ஓரத்தில், ஒரு நாணயத்தின் அளவே படர்ந்து, எறும்பையும் கொசுவையும் பிடித்துண்ணும் ஒரு பூண்டு வாழ்வதை அண்மைக்காலம் வரை நான் கண்டதில்லை. திருச்சியில் 1967இல் இராபினாட் உலர்தாவரகத்தை நிறுவிய இயேசு சபைத் தந்தை மேத்யூவின் தாவரத் தொகுதிகளைக் குருமட நாட்களில் புரட்டியதுண்டு. புத்தகத்தில் குனிந்த தலை நிலத்தை நோக்கிக் குனியவில்லை.

நாட்டு வைத்தியர் இதனை அழுகண்ணி என்பர். சிவந்த இலைகளின் மயிர் நுனிகளில் பசைத்துளிகள் கண்ணீர்போல் நிற்கும். இவ்வினச் செடிகளை ஆராய்ந்தே டார்வின் 1875இல் தனி நூல் எழுதினார். சத்தற்ற மணலிலும் சரளையிலும் வாழ்வதால், மண்ணில் கிட்டாத தழைச்சத்தைப் பூச்சியிடமிருந்து பெறுகிறது.

இதைக் கேட்ட மறைக்கல்விச் சிறுவர்கள், "பூவைக் காட்டுங்கள், ஃபாதர்" என்று பிடித்துக்கொண்டனர். வாக்களித்துவிட்டேன். கார்த்திகையில் மூன்று முறை அழைத்துச் சென்றேன். மூன்று முறையும் வானம் மூடிக்கிடந்தது. தண்டின் நுனியிலே மொட்டுகள் இறுகி நின்றன. "ஃபாதர் கதை விடுகிறார்" என்று ஒருவன் முணுமுணுத்ததும் என் செவியில் விழுந்தது.

அங்கு ஆடு மேய்க்கும் முதியவர் சிரித்தார். "வெயிலு வந்தாத்தான் சாமி அது கண்ணத் தொறக்கும். மழ விட்டதும் பத்து மணிக்கு வாங்க."

அவ்வாறே சென்றோம். விரல் நீளத் தண்டில் வெண்ணிற மலர், ஐந்து இதழ்களோடு! பெரும்பாலும் ஒரு தண்டில் ஒரு வேளைக்கு ஒரு பூவே விரியும், பிற்பகலில் மூடிவிடும். மூட்டம் நீடித்தால், விரியாத மொட்டுக்குள்ளேயே தன் மகரந்தத்தால் விதை கட்டிக்கொள்வதும் உண்டு. ஐப்பசி மழையில் முளைத்து, மழை ஓய்ந்து ஈரம் நிற்கையில் பூத்து, மண் காய்ந்ததும் மடிந்துவிடும் செடி அது. ஈரம் விரைந்து வற்றினால் ஓரிரு பூக்களோடு அதன் ஆயுள் முடியும். 2015 பெருவெள்ளத்தில் அச்சரிவு நெடுநாள் மூழ்கிக்கிடந்தது என்றார் முதியவர். 2016இலோ வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. அவ்வாண்டு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையாம். ஆயினும் கடுகினும் சிறிய விதைகள் மேல்மண்ணில் காத்துக்கிடந்திருக்க வேண்டும்.

ஆசை மிகுந்து ஒரு செடியைப் பெயர்த்து வந்து, தொழுவுரம் கலந்த தொட்டியில் நட்டு, ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரை வார்த்தேன். ஒரே வாரத்தில் கருகிற்று. உரமும் உப்பும் அதற்கு நஞ்சென்று பின்னரே படித்தேன், வாசகர்கள் நகைக்கலாம்.

சென்ற கோடையில் அச்சரிவின் ஒரு பாதியில் மேல்மண்ணை வழித்து எடுத்துச் சென்றுவிட்டனர். விதைகளும் அதோடு போயிருக்கும். மீதிப் பாதியைச் சுற்றிச் சிறுவர்கள் சரளைக் கற்களை அடுக்கி வைத்திருக்கின்றனர். முணுமுணுத்தவன்தான் அதற்குத் தலைவன். மண்ணெடுக்க வருவோரிடம் தாம் பேசுவதாக முதியவர் ஏற்றிருக்கிறார். ஐப்பசி மழைக்குப்பின் மீண்டும் போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம்.