கழண்ட ப்ளாஸ்டிக் பட்டையும் பத்து ரூபா கிளிப்பும்

சொர்ணவாரி அறுப்பு முடிஞ்சு வைக்கோலும் கட்டியாச்சு. சம்பா நாத்து விட்டுட்டு கை கொஞ்சம் ஓஞ்ச நேரத்துல இந்தப் பதிவு. இந்தத் தடவை நெல்லப் பத்தி இல்ல, காரப் பத்தி.

விவசாயிக்கு எதுக்கு கார் கதைன்னு கேக்கறவங்க ஒருநாள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்து பாக்கணும். 1998ல இருங்காட்டுக்கோட்டையில இருந்து சான்ட்ரோ வெளிய வந்துச்சு. 2010ல ஒரகடத்துல ரெனோ நிஸான் ஆரம்பிச்சாங்க. அவங்களுக்கு பம்பர், சீட்டு, ஒயரு செஞ்சு குடுக்கற கம்பெனிங்க பின்னாலயே வந்துச்சு. இன்னிக்கு எங்க தெருவுல ஏர் பிடிக்கத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இல்ல, கார் கதவுக்கு பட்டை மாட்டத் தெரிஞ்சவன் நாலு பேர் இருக்கான்.

என் வண்டிக்கு 13 வயசு. எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, கழண்டதுக்கு கம்பெனி பொறுப்பில்ல. வரப்பு ஓரம், கருவேல முள்ளு, ஏரிக்கரை பள்ளம்னு அது பாத்த பாடு அப்படி. இடது பக்கக் கதவுக்குக் கீழ ஓடற கறுப்புப் பட்டை முன்முனையில விட்டுப்போச்சு. முன் டயருக்கு மேல உள்பக்கம் இருக்கிற ப்ளாஸ்டிக்கும் (மெக்கானிக்குங்க லைனர்னு சொல்வாங்க) தொங்க ஆரம்பிச்சுது.

அழகுக்குத்தானே, தொங்கட்டும்னு விடற ஆளுங்க நிறைய. ஆனா லைனர் தொங்கினா, ஸ்டியரிங்க ஒடிக்கும்போது டயர் அதை உரசும், ஒருநாள் இழுத்துக்கும். பட்டையோட கதை அதைவிட மோசம். முன்முனை விட்டுட்டா வேகத்துல காத்து உள்ள புகுந்து மொத்தத்தையும் பிச்சு எறியும். வண்டலூர் – வாலாஜாபாத் ரோட்டுல ஷிப்ட் விடற நேரத்துல நின்னு பாருங்க. லாரிக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவுல எத்தனை டூ வீலர்! எதிர்வீட்டுப் பையன் ஒரகடத்துல பம்பர் செய்யற ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட்ல இருக்கான். என் வண்டியப் பாத்துட்டு அவன் சொன்னது ஒண்ணுதான். "பெரிப்பா, இது ராத்திரி பத்தரைக்கு என் மூஞ்சில வந்து அடிச்சா நான் எந்த லாரிக்கு அடியில போவேன்?" அதுக்கப்புறம் அத சரி பண்ணாம நான் வண்டிய வெளிய எடுக்கல.

நம்ம ஊரு வைத்தியம் ரெண்டு உண்டு. ஒண்ணு, நிமிஷத்துல ஒட்டற பசை. இன்னொண்ணு, ஸ்க்ரூ. ரெண்டும் நிக்காது, காரணம் சொல்றேன்.

பட்டையோட பின்பக்கம் பாருங்க, சின்னதா இங்கிலீஷ்ல பி.பி.ன்னு அச்சு இருக்கும். பாலிப்ரோப்பிலீன். நம்ம வீட்டு வெள்ளை அரிசி சாக்கும், கல்யாண மண்டப சேரும் அதே ஜாதிதான். அதுமேல சாதாரணப் பசை ஒட்டவே ஒட்டாது, காஞ்சதும் செதிலா உரிஞ்சு வந்துரும். ஏ.பி.எஸ்.னு இருந்தா பசை பிடிக்கும், ஆனா வெளிப் பட்டைங்க பாதிக்கு மேல பி.பி. கலந்ததுதான்.

ஸ்க்ரூ போட்டா? ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு மெக்கானிக் வலது பக்கத்துல ரெண்டு ஸ்க்ரூ முறுக்கி விட்டாரு. வெயில்ல ப்ளாஸ்டிக் இரும்பைவிடப் பல மடங்கு நீளும். ஒரு மீட்டர் பட்டை 30 டிகிரி ஏறினா 3 மில்லிமீட்டர் கிட்ட நீளும், இரும்பு அரை மில்லிகூட நீளாது. ரெண்டு முனையையும் இறுக்கிட்டா நடுவுல வயிறு தள்ளும், இல்ல ஸ்க்ரூ ஓட்டையிலேயே வெடிக்கும். எனக்கு வெடிச்சுது. ஸ்க்ரூ துளைச்ச இடத்துல பெயின்ட் போய், ரெண்டு ஐப்பசி மழையில துரு அரிக்க ஆரம்பிச்சுடுச்சு.

அதனாலதான் கிளிப். பட்டையில ஒரு ஓட்டை மட்டும் கச்சிதமா இருக்கும், மத்ததெல்லாம் நீளவாக்குல இருக்கும். ஒரு இடத்துல பிடிச்சுக்கிட்டு மத்த இடத்துல நகர விடற ஏற்பாடு. இடிபட்டா கிளிப்தான் முதல்ல உடையும், பட்டை தப்பிக்கும். ரொட்டவேட்டர்ல ஷியர் போல்ட் போற மாதிரி.

வேலை செஞ்ச விதம் இதுதான். முதல்ல சோப்புத் தண்ணியில சேறு போகக் கழுவணும், மண்ணு இருந்தா கிளிப் உக்காராது. கழட்டும்போது முனையப் பிடிச்சு இழுக்கக் கூடாது. ஸ்க்ரூ டிரைவர் விட்டா பெயின்ட் போகும், அதனால மூங்கில் சிம்பு ஒண்ணு சீவி, ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்துல விட்டு நெம்பினேன். ஏழுல மூணு உடைஞ்சிருந்துச்சு. உடைஞ்ச ஒண்ணைக் கையோட எடுத்துட்டுப் போய் ஸ்பேர்ஸ் கடையில காட்டி அதே அளவு வாங்கினேன், ஒண்ணு பத்து ரூபா. தண்டு ஒரு மில்லி குறைஞ்சாலும் ஆடும், அதனால கண் மதிப்புல வாங்காதீங்க. இங்க கிடைக்கலன்னா சென்னையில ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை.

முன்முனையில கிளிப் கிடையாது, ரெண்டு பக்கமும் ஒட்டற நுரை டேப்தான். பழைய டேப்ப எடுக்க ஹீட்டர் எல்லாம் வேணாம், மத்தியானம் வெயில்ல நிறுத்தி தூண்டில் நரம்பை வச்சு அறுத்தா வந்துரும். புது டேப் ஒட்டறது மட்டும் காலையில, நிழல்ல. தகரம் கொதிக்கும்போது ஒட்டாதீங்க. மண்ணெண்ணெய்ல துடைச்சா எண்ணெய்ப் பசை நிக்கும், தின்னர் பெயின்ட்டைத் தின்னும். மெடிக்கல்ல கிடைக்கிற ஸ்பிரிட் போதும். பி.பி.ன்னா டேப்புக்கு முன்னாடி ப்ரைமர்னு ஒரு திரவம் தடவணும், டேப் விக்கிற கடையிலயே கேளுங்க. நல்லா அழுத்திட்டு மூணு நாள் தண்ணி படாம விட்டாத்தான் முழு பிடி பிடிக்கும்.

மாட்டும்போது பையன் வந்து நின்னான். நான் கையால தட்டி உக்கார வச்சதை அவன் ஒத்துக்கல. "டிக்குனு சத்தம் கேக்கணும் பெரிப்பா. சத்தம் வரலன்னா உக்காரல." உள்ளங்கை அடிமேட்டை வச்சு வரிசையா ஏழையும் அமுக்கிட்டுப் போனான், ஏழு சத்தம், ஒரு நிமிஷம் ஆகல. ஒரு ஷிப்டுக்கு எத்தனைன்னு கேட்டேன். எண்ணுறதில்லன்னான். மணிக்கட்டுல கட்டு போட்டிருந்தான். அவனுக்கு அடுத்த மாசம் கான்ட்ராக்ட் முடியுது, திரும்ப எடுப்பாங்களான்னு இன்னும் சொல்லல.

லைனருக்கு நடுவுல முள்ளு வச்ச கிளிப், முள்ளை அமுக்கினா விரிஞ்சு பிடிச்சுக்கும். அது அஞ்சு போட்டோம். மீதி நாலு டப்பாவுல இருக்கு. வலது பக்கத்து ஸ்க்ரூ ஓட்டையில துருவ சுரண்டி ப்ரைமர் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கேன். அந்தப் பட்டை வெடிச்சது வெடிச்சதுதான், வேற ஒண்ணு புதுப்பேட்டையில தேடணும். மழைக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை அவனும் வரேன்னிருக்கான்.