எந்தப் பிறவியின் பாவம்?

ஸ்டீபன் ஹாக்கிங் மறைந்தார் என்னும் செய்தி 2018 மார்ச் 14 அன்று வந்தபோது நாம் கல்லூரியில் கலைப்பிரிவு மாணவராயிருந்தோம். கருந்துளைக் கணக்கு நமக்கு அன்றும் விளங்காது. இன்றும் முழுதாக விளங்காது. எனினும் உற்றாரை இழந்தாற்போல் உள்ளம் கனத்தது. என்ன உறவு? குருதி உறவா? மொழி உறவா? இல்லை, அறிவு உறவு!

அவர் பிறந்தது 1942 சனவரி 8. கலிலியோ மறைந்து சரியாக 300 ஆண்டு நிறைந்த நாள். நம் நாட்டில் பிறந்திருந்தால் இந்த ஒரு பொருத்தம் போதும், மறுபிறவி என்று கதை கட்டித் தலபுராணமே பாடியிருப்பர்! அவரோ, அன்று உலகில் ஏறக்குறைய 2 இலட்சம் குழந்தைகள் பிறந்திருக்குமே என்று கணக்குச் சொன்னார்.

1963-இல், 21 வயதில், நோய் இன்னதென்று தெரிந்தது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மடிந்துகொண்டே போகும். நடை போகும், கை போகும், பேச்சும் போகும். இரண்டாண்டு வாழ்ந்தால் அதிகம் என்றனர் மருத்துவர். வாழ்ந்ததோ 55 ஆண்டு! 1970 நவம்பரில் ஓர் இரவு படுக்கச் செல்கிறார். உடல் ஒத்துழையாததால் படுக்கையில் சேரவே நெடுநேரமாகிறது. அந்த நேரத்தில்தான், கருந்துளையின் எல்லைப் பரப்பு ஒருபோதும் குறையாது என்னும் கருத்து அவருள் பிறந்தது. 1974-இல் அவரே, கருந்துளையும் வெப்பம் உமிழும், உமிழ்ந்து உமிழ்ந்து சுருங்கும் என்று காட்டித் தம் விதிக்குத் தாமே எல்லை வகுத்தார். வேதத்தில் அந்த வழக்கம் உண்டோ?

அவர் வாழ்ந்ததை அதிசயம் என்றனர் பலர். ஆண்டவன் அருள் என்றனர் சிலர். நாத்திகருக்கு அருள்! நோய் அவருக்கு மற்றவரைவிட மெல்ல நகர்ந்தது என்பது உண்மை. எஞ்சியது மனிதர் செய்தது. 1985-இல் செனீவாவில் நிமோனியா கண்டு கிடந்தபோது, உயிர்க்கருவியை நிறுத்திவிடலாமா என்று கேட்டனர் மருத்துவர். மனைவி ஜேன் மறுத்தார். தொண்டையில் துளையிட்டனர். உயிர் தங்கிற்று, குரல் போயிற்று. கணிப்பொறி குரல் கொடுத்தது. விரல் ஓய்ந்தபின் கன்னத்துத் தசையின் அசைவே எழுத்தாயிற்று. பிரிட்டனின் அரசு மருத்துவப் பணி இல்லையேல் தாம் உயிரோடு இருந்திருக்க முடியாது என்று 2009-இல் அவரே சொன்னார். மக்கள் வரிப்பணம் ஐயா அது, மந்திரமன்று! நியூட்டனுக்கும் டார்வினுக்கும் நடுவே, ஒரு தேவாலயத்தில், அந்த நாத்திகரின் சாம்பல் உறங்குவது வேறு வேடிக்கை.

இவற்றை நாம் இன்று எண்ணுவதற்குக் காரணம் ஒரு சிறுவன். அம்பத்தூரில் நாம் பணியாற்றும் பள்ளியில் பயில்பவன். தசைச்சிதைவு நோய் கொண்டவன். தந்தை தொழிற்பேட்டையில் பட்டறைத் தொழிலாளி. இரவுப்பணி முடித்து வந்து, மகனைத் தோளில் சுமந்து மாடி வகுப்பில் அமர்த்திவிட்டுத்தான் உறங்கப் போவார். வகுப்பில் ஹாக்கிங்கின் படத்தைக் காட்டி விண்மீன்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவன் கேட்டான்: "அவரு மாடிக்கு எப்படி சார் போவாரு?"

"போன பிறவியில என்ன பாவம் பண்ணானோ" என்று அவன் காதுபடவே சொல்கிறார் பாட்டி. கொடியவரல்லர், பேரனுக்காகத் திருவேற்காட்டுக்கு நடந்தே போய்வருபவர். அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் யார், தோழர்களே? நோய் தண்டனை என்றாகிவிட்டால், சாய்தளம் கட்டு என்று யாரைக் கேட்பது? குற்றவாளிக்கு எதற்குச் சலுகை என்றல்லவா ஊர் கேட்கும்! 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தசைச்சிதைவைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. சட்டம் பாவத்தைக் கேட்கவில்லை; பாட்டி கேட்கிறார், படிக்கட்டும் கேட்கிறது. சிறுநீர்க் குழாயோடு 94 வயதில் மேடையேறிய பெரியாரைக் கண்ட நாடு இது. உடல் நலிவு இழிவன்று என்பதை நாம் இங்கிலாந்திடமா கற்க வேண்டும்?

வகுப்பைக் கீழ்த்தளத்திற்கு மாற்றித் தருமாறு ஆசிரியர் நால்வரோடு சேர்ந்து எழுதிக் கேட்டோம். வரும் சூனில் மாற்றுவதாகச் சொல்லியிருக்கின்றனர். கீழேயும் வாயிலில் மூன்று படிகள் உண்டு. சென்ற ஞாயிறன்று அவற்றை அளந்து வந்தோம். இரும்புத் தகட்டில் சாய்தளம் செய்து தருவதாகத் தந்தை சொல்கிறார். உயரம் எவ்வளவு, நீளம் எவ்வளவு என்று அந்தச் சிறுவன்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.