பாஞ்சோவுக்குத் துணைவந்த மிருதங்கம்



டென்னஸி மாகாணத்து நாஷ்வில் நகரம் அமெரிக்கக் 'கன்ட்ரி' இசைக்குத் தலைநகர் என்பது அரியலூர் அன்பர்களும் அறிந்ததே. ஆனால் பெய்ஜிங்கில் பிறந்து அந்நகரில் குடியேறிய வூ ஃபெய் என்னும் மாது இருபத்தொரு தந்திகளுடைய குசெங் என்ற சீன வாத்தியத்தை மீட்ட, அபிகெயில் வாஷ்பர்ன் என்னும் அமெரிக்கப் பெண்மணி பாஞ்சோ வாசித்துச் சீனத்திலும் ஆங்கிலத்திலும் பாட, இருவருமாக 2020-ஆம் ஆண்டில் ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் மூலம் ஓர் இசைத்தட்டு வெளியிட்ட செய்தி அங்கு எட்டியிராது.

அதைக் கேட்கும் நம்மவர் செவிக்கு முதலில் தட்டுப்படுவது மோகனத்தின் சாயல். அப்பலாச்சிய மலைநாட்டுப் பழம்பாட்டுக்கள் பலவும் சீன நாட்டுப்பாட்டுக்கள் பலவும் ஸ-ரி-க-ப-த என்னும் ஐந்து ஸ்வரங்களுக்குள் அடங்குவனவாதலால், ஒன்றை ஒன்று வலிந்து இழுக்காமலே இரண்டும் இசைந்துவிடுகின்றன. அவ்வளவு சுலபமாகப் பொருத்தம் வாய்ப்பதே அபாயம் என்பது என் அபிப்பிராயம். ஸ்வரங்கள் ஒத்துவிட்ட திருப்தியில் உழைப்பைக் குறைத்துக்கொண்ட கலவைகளையும் அமெரிக்க மேடைகளில் கேட்டிருக்கிறேன். இவ்விருவரும் அப்படியல்லர், தத்தம் வாத்தியத்தில் தேர்ந்த பின்பே கைகோத்தவர்கள்.

பிறர் இசையைக் கற்றுத் தேர்வதில் நமக்கு முன்னோடி நம் சீமையிலேயே இருந்தார். உடையார்பாளையம் ஜமீனில் விளங்கிய கனம் கிருஷ்ணையர், தஞ்சை அரண்மனைக்கு வந்த பொப்பிலி கேசவையா என்னும் ஆந்திர வித்துவானிடம் கனமார்க்கம் என்னும் பாடும் முறையைப் பிரயாசைப்பட்டுக் கற்று வசப்படுத்திக்கொண்ட வரலாற்றை டாக்டர் சாமிநாதையர் விரிவாக எழுதியுள்ளார். பிறர் மார்க்கத்தைக் கற்றவர், பதங்களை இயற்றியது தமிழிலேதான்!

இனி அமெரிக்காவுக்குத் திரும்புவோம். வாஷ்பர்ன் மணந்த பாஞ்சோ கலைஞர் பேலா ஃப்ளெக், 1996-இல் வெளிவந்த 'டாபுலா ராசா' என்னும் இசைத்தட்டில், ஜீ-பிங் சென்னின் எர்ஹூ என்னும் சீன வாத்தியத்தோடும் விஸ்வமோகன் பட்டின் மோகன வீணை என்னும் கிதாரோடும் பாஞ்சோவைச் சேர்த்தார். மீட்டிய மாத்திரத்தில் பாஞ்சோவின் நாதம் அற்றுவிடும். இரண்டே தந்திகளுக்கு நடுவில் வில் ஓடும் எர்ஹூவோ, குழைந்து இழைந்தே ஸ்வரத்துக்கு ஸ்வரம் செல்லும். மோகன வீணை தன் 'மீண்ட்' என்னும் இழைவுகளை எளிதில் விட்டுக்கொடுக்காது. இயல்பால் வேறுபட்ட இவற்றுக்கு அதில் மிருதங்கம் வாசித்தவர் பூவாளூர் ஸ்ரீநிவாசன் என்று கண்டபோது எனக்கு உண்டான கர்வத்தை மறைப்பானேன்? லால்குடிக்கு அடுத்த பூவாளூர் நம் அரியலூருக்கு அயலூர்தானே! ஸ்ரீஜி என்று அமெரிக்காவில் அழைக்கப்படும் அவர், வட டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க மாணவர்களுக்குத் தென்னிந்திய சங்கீதம் கற்பித்தவர்.

நம்மூர்ப் பிள்ளைகள் எவரேனும் அந்த இசைத்தட்டைத் தேடிப் பிடித்தால், முதல் தடவை மிருதங்கத்தை மட்டும் கவனிக்கட்டும். பாஞ்சோவின் துள்ளலுக்கு எங்கே சொற்களை நெருக்குகிறார், எர்ஹூ நீண்டு ஒலிக்கையில் எங்கே கையடக்குகிறார் என்பது தெரிந்துவிட்டால், மற்ற மூவரின் வாசிப்பும் தானே விளங்கும்.