ஆரணியும் 'ஆர்னீ'யும்

ஆங்கிலேயரின் போர்க் குறிப்புகளில் எங்கள் ஊர் 'ஆர்னீ' என்றே காணப்படும். 1751ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ராபர்ட் கிளைவின் படை, சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபின் படையை இவ்வூரின் அருகே முறியடித்தது. வரலாற்று நூல்களில் 'ஆர்னீப் போர்' என்று அது ஓரிரு வரிகளில் கடந்து போகும். கமண்டல நாகநதிக் கரையில், பட்டுத்தறிகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் நடுவே பிறந்து வளர்ந்த நாங்கள் அந்தப் பெயரை முதன்முதலில் படித்தபோது, அது வேறு ஏதோ ஓர் ஊர் என்றே எண்ணினோம். 'ஆரணி' என்னும் மூன்றெழுத்துச் சொல்லில் நடுவிலிருந்த ரகரத்தின் உயிரை விழுங்கிவிட்டு, ணகரத்தை நுனிநாக்குக்கு இழுத்துவந்து, கடைசியில் இல்லாத ஒரு நெடிலையும் ஒட்டவைத்த அந்த ஆங்கிலக் காதைப் பற்றி எங்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. எங்கள் ஊரின் பெயரைச் சரியாக உச்சரிக்கவில்லை என்பதற்காக அவர்களை எவரும் வகுப்பில் எழுப்பி நிற்கவைத்ததில்லை என்பது மட்டும் பின்னாளில் உறைத்தது.

ஏனெனில், எழுந்து நின்றவர்கள் நாங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இடைநிலை ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்த எங்களில் பெரும்பாலோர் நெசவுக் குடும்பத்தவர். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவர்கள். விடியற்காலையில் அம்மாவுக்குத் தார் சுற்றிக் கொடுத்துவிட்டு, ஏழு மணிப் பேருந்தைப் பிடிப்பவர்கள். இரண்டு ஆண்டுப் பயிற்சியில் உளவியல், கணிதம், சமூகவியல் எல்லாம் எங்களுக்கு ஒருவாறு வசப்பட்டன. ஆங்கிலம் கற்பித்தல் என்ற தாள்தான் அச்சுறுத்தியது. அதிலும் ஒலியியல். ஆங்கிலத்தில் உயிரெழுத்து ஐந்து என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தோம். முதல் வகுப்பிலேயே, உயிரொலிகள் 20, மெய்யொலிகள் 24, ஆக 44 என்று கரும்பலகையில் எழுதப்பட்டது. எழுத்து வேறு, ஒலி வேறு என்கிற செய்தி, எழுதுவதைப் போலவே வாசிக்கும் மொழியில் வளர்ந்தவர்களுக்கு எத்தகைய அதிர்ச்சி என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

தமிழும் அப்படியொன்றும் எழுதுவதைப் போலவே வாசிக்கப்படுவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 'கல்', 'அகல்', 'சங்கு' மூன்றிலும் ஒரே ககரம், மூன்று ஒலி. சொல்லின் முதலில் வந்தால் வல்லென்றும், உயிர்களுக்கிடையில் வந்தால் நெகிழ்ந்தும், மெல்லினத்தின் பின் வந்தால் அதிர்ந்தும் ஒலிக்கிறது. 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல் இதை ஒரு விதியாகவே எடுத்துரைத்திருக்கிறார். நமக்கு இடம் தீர்மானிக்கிற வேறுபாட்டை ஆங்கிலம் பொருளைத் தீர்மானிக்கப் பயன்படுத்துகிறது. ஆகவேதான் 'பின்' என்று குண்டூசியைக் கேட்டால், ஆங்கிலேயன் குப்பைத் தொட்டியைக் காட்டுகிறான். அவனுடைய பகரம் சொல்லின் முதலில் ஒரு சிறு மூச்சோடு வெளிப்படும். நம்முடையது மூச்சின்றி வெடிக்கும். மூச்சில்லாத பகரம் அவன் காதில் மற்றொரு பகரமாகவே விழுகிறது.

இதைப் புரியவைக்க ஒரு காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்துச் சொல்லிப் பார்க்குமாறு ஒலியியல் நூல்கள் சொல்கின்றன. எங்களில் ஒருத்தி மறுநாள் வீட்டிலிருந்து கழிவுப் பட்டு இழை ஒன்றைக் கொண்டுவந்தாள். காகிதத்தை விட நூறு மடங்கு நுட்பமான கருவி அது. 'பின்' என்று ஆங்கில முறையில் சொன்னால் இழை எழும்பிப் பறக்கும். 'ஸ்பின்' என்று சொன்னால் அசையாது. சகரத்தின் பின் வரும் பகரத்துக்கு மூச்சில்லை. அன்று மதிய உணவு இடைவேளை முழுவதும் மரத்தடியில் நின்று இழையைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தோம். ஆங்கிலத்தின்பால் எங்களுக்கு ஏற்பட்ட முதல் மகிழ்ச்சி என்று அதைச் சொல்லலாம்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அந்த இழையைக் கொண்டுவந்தவளைத்தான், வாய்விட்டு வாசிக்கும் தேர்வில் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்றும், 'எக்' என்பதை 'யெக்' என்றும் வாசித்ததற்காக, விரிவுரையாளர் ஒருவர் அனைவர் முன்னிலையிலும் "தறிக்குழி இங்கிலீஷ்" என்றார். வகுப்பு சிரித்தது. தறிக்குழியில் கால் தொங்கவிட்டு வளர்ந்த நாங்களும் சிரித்தவர்களில் இருந்தோமா என்பது, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நாங்கள் சந்திக்கையில் எவரும் எடுக்காத பேச்சு. அவள் ஒரு வாரம் வரவில்லை. வீட்டில் தறி ஒன்று ஆளில்லாமல் நின்றிருந்தது. அவள் அப்பா பயிற்சியை விடச் சொல்லிக் காத்திருந்தார். பட்டுச்சேலை ஒன்றுக்குக் கிடைக்கும் கூலி கண்ணெதிரே இருந்தது. ஆசிரியர் வேலையோ எப்போது வரும் என்று சொல்ல முடியாத வேலைவாய்ப்பு அலுவலக வரிசையில் இருந்தது.

அவளைத் திரும்ப அழைத்துவந்தது ஆங்கிலம் அன்று, தமிழிலக்கணம். எங்களுக்குத் தமிழ் கற்பித்த ஐயா, நடந்ததைக் கேள்விப்பட்டு, தொல்காப்பியத்தின் மொழிமரபையும் பிறப்பியலையும் எங்களுக்கு இரண்டு மாலைகள் நடத்தினார். தமிழில் ஒரு சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து நில்லா. ரகரமும் லகரமும் கூட முதலில் வாரா. அதனால்தான் 'ராமன்' 'இராமன்' ஆனான், 'லோகம்' 'உலோகம்' ஆயிற்று. எந்த வழக்கு 'இராமன்' என்று எழுதுகிறபோது செந்தமிழ் எனப் போற்றப்படுகிறதோ, அதே வழக்குதான் 'இஸ்கூல்' என்கிறபோது இழிவாகக் கொள்ளப்படுகிறது என்றார் ஐயா. 'புக்கு', 'பஸ்ஸு' என்று நாம் கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்ப்பதும் அத்தகையதே. வல்லின மெய்யில் சொல்லை முடிக்கும் வழக்கம் நமக்கில்லை. "நீ ஒரு விதியைப் பின்பற்றியிருக்கிறாய் அம்மா. அங்கே வேறு விதி. அதையும் கற்றுக்கொள், அவ்வளவுதான்." பிறப்பியலில் பல்லும் இதழும் நாவும் அண்ணமும் எவ்வாறு பொருந்தி எந்த ஒலி பிறக்கிறது என்று விளக்கும் முறை, ஆங்கில ஒலியியல் நூலின் முதல் அத்தியாயத்துக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதைக் கண்டு நாங்கள் வியந்தோம். அவள் மறுவாரம் வந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் முறை மாறிற்று. எங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்கினோம். 'திஸ்', 'தட்' என்பவற்றின் முதலொலி எங்களுக்கு வராது என்று சொல்லியிருந்தார்கள். 'அது', 'இது' என்று சொல்லிப் பார்த்தால் நடுவில் நிற்பது ஏறத்தாழ அதே ஒலி. சொல்லின் நடுவில் வருவதைச் சொல்லின் முதலுக்குக் கொண்டுவர வேண்டும், அதுதான் வேலை. 'ஷிப்' என்ற கப்பலும் 'ஷீப்' என்ற ஆடும் வேறு மொழிக்காரர் பலரைத் திணறடிக்குமாம். குறில் நெடில் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு அது பொருட்டேயில்லை. 'கெட்', 'கேட்' இரண்டையும் வேறுபடுத்திச் சொல்ல முடிந்தது. எழுதவும் முடிந்ததே, அதற்கு எகர ஏகார வேறுபாட்டை எழுத்தில் நிலைநிறுத்திய வீரமாமுனிவர் என்ற இத்தாலியருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆங்கில டகரம் எங்கள் டகரம்போல நாவை மடித்துச் சொல்வதன்று; பல்லுக்கு மேலே, 'வெற்றி' என்னும் சொல்லில் றகரம் பிறக்கும் இடத்தில் பிறப்பது. ஈழத்தவர் 'ரொறன்ரோ' என்று எழுதுவதைப் பத்திரிகைகளில் பார்த்துப் பிழையென்று நகைப்பவர்கள் நம்மிடையே உண்டு. ஒலியியலின்படி அவர்கள் எழுத்துத்தான் மூலத்துக்கு அண்மையில் நிற்கிறது.

வசப்படாதவையும் இருந்தன. திராட்சைக் கொடிக்கும் திராட்சை மதுவுக்குமான இரு ஆங்கிலச் சொற்கள் கடைசிவரை எங்கள் வாயில் ஒன்றாகவே இருந்தன. நம் வகரம் அவற்றின் முதலொலிகள் இரண்டுக்கும் நடுவே நிற்பது.

எல்லாவற்றிலும் கடினமானது அழுத்தம். தமிழில் அசைகள் ஏறக்குறைய ஒரே சீராக நடக்கும். ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அடி என்று விழும் தறியின் ஓசையைப் போல. ஆங்கிலத்தில் அழுத்தம் பெறும் அசைகளுக்கு இடையிலான நேரம்தான் ஏறக்குறைய சமமாக இருக்க முயல்கிறது; இடையில் ஓர் அசை வந்தாலும் மூன்று வந்தாலும் அதற்குள் நெருக்கியடித்து முடித்துவிட வேண்டும். நெரிசலில் சிக்கிய உயிரொலிகள் தம் உருவத்தை இழக்கும். 'ஆரணி' 'ஆர்னீ' ஆனதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. முதலசையை அழுத்தியதும் அடுத்த அகரம் நசுங்கிப்போயிற்று. 1969இல் ஹைதராபாதிலிருந்து வெளிவந்த ஆர். கே. பன்சாலின் ஆய்வு, இந்தியரின் ஆங்கிலம் பிறருக்கு விளங்காமற் போவதற்குத் தனி ஒலிகளை மட்டுமன்றி, அழுத்தம் இடம் மாறுவதையும் முக்கியக் காரணமாகக் கண்டது. எங்களுக்கோ 'யெக்'குக்காக ஏச்சு கிடைத்தது. அழுத்தத்துக்காக எவரும் ஏசவில்லை. ஏசியவர்களுக்கும் அது வராது என்பதே காரணமாக இருக்கலாம்.

இதில் அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. 1950களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலத்தில், தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குப் புதிய முறையில் பயிற்சியளிக்கும் பெருந்திட்டம் ஒன்று தொடங்கியது. சிலருக்கு முதலில் முழுமையாகப் பயிற்சி, அவர்கள் பலருக்கு, அந்தப் பலர் இன்னும் பலருக்கு. 1962இல் டி. ஏ. ஸ்மித் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 27,000 ஆசிரியர் என்ற எண்ணும், 'மெட்ராஸ் பனிப்பந்து' என்ற பெயரும் இருக்கின்றன. பனியையே கண்டறியாத நாட்டில் வைத்த பெயர். உருள உருளப் பெருக்கும் என்பது அவர்கள் கணக்கு. வட ஆற்காட்டு வெயிலில் உருண்டால் என்னவாகும் என்பதை நாங்கள் அறிவோம். அந்தப் பந்தின் கடைசிச் சுற்றில் பயின்றவர்களிடம் பயின்றவர்களிடம் நாங்கள் பயின்றோம். எங்களுக்கு வந்து சேர்ந்தது, கதவை நோக்கி நடந்துகொண்டே "நான் கதவை நோக்கி நடக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லும் வழக்கம் மட்டும்தான். அமைப்பு வழிக் கற்பித்தல் என்று அதற்குப் பெயர். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் இதற்கு நேரெதிரான ஒன்றைச் செய்து பார்த்தார். பொருளிலேயே கவனம் ஊன்றிப் பிள்ளைகள் ஒரு வேலையைச் செய்து முடிக்கட்டும், இலக்கணம் தானே படியும் என்பது அவர் கருத்து. உலகெங்கும் பேசப்பட்ட முயற்சி. ஆரணிக்கு அது பேருந்து பிடித்து வரவில்லை.

இலக்கணத்திலும் எங்கள் வழி அதுவே. 'அ', 'அன்' என்ற சுட்டிடைச்சொற்களை உயிரெழுத்தின்முன் இது, மெய்யெழுத்தின்முன் அது என்று மனப்பாடம் செய்து, 'ஹவர்', 'யுனிவர்சிட்டி' போன்ற சொற்களில் இடறிக்கொண்டிருந்தோம். 'ஓர் இரவு, ஒரு பகல்' என்று நம் மொழியும் இதையே செய்கிறது, எழுத்தைப் பார்த்தன்று, ஒலியைக் கேட்டு என்று கண்டுகொண்டதும் அந்தப் பாடம் முடிந்துபோயிற்று. 'தி' என்பது எங்கே வரும், எங்கே வராது என்பது முடியவில்லை. இன்றும் முடியவில்லை.

இரண்டாம் ஆண்டுக் கற்பித்தல் பயிற்சிக்கு எங்களில் நால்வரை நெசவாளர் தெருவிலிருந்த ஒரு தொடக்கப் பள்ளிக்கு அனுப்பினார்கள். நான்காம் வகுப்பு. பாதிப் பிள்ளைகள் விரல்களில் சாயத்தோடு வந்து அமர்ந்திருந்தன. இழையைக் கொண்டுவந்தவள்தான் அன்று பாடம் நடத்தினாள். மேற்பார்வைக்கு வந்திருந்த விரிவுரையாளர் கடைசி பெஞ்சில் குறிப்பேட்டோடு இருந்தார். 'ஐ', 'யூ', 'வி' என்று மின்னட்டைகளைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடர் சொல்லவைத்துக்கொண்டு வந்தாள். 'வி வீவ் சில்க்' என்ற தொடர் வந்தது. பட்டு நெய்கிறோம். முதல் வரிசையில் இருந்த சிறுவன் எழுந்தான்.

"டீச்சர், 'வி'ன்னா நாங்களா, நாமளா?"

அவள் அவனைப் பார்த்தாள். பாடக்குறிப்பில் அதற்கு விடையில்லை. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடே இல்லை என்பது எங்கள் நால்வருக்கும் அந்தக் கணத்தில்தான் உறைத்தது. இரண்டாண்டுகளாக "வி ப்ரொனவுன்ஸ் இட் லைக் திஸ்" என்று எங்களுக்குச் சொல்லப்பட்டு வந்த தொடர்களில் எல்லாம், அந்த 'வி'யில் எங்களையும் சேர்த்தார்களா இல்லையா என்று நாங்கள் கேட்டதில்லை.

"ரெண்டுக்கும் அவங்க ஒரே சொல்லுதான் வெச்சிருக்காங்க. யாரு சொல்றாங்கன்னு பாத்துத்தான் தெரிஞ்சிக்கணும்" என்றாள் அவள்.

"நீங்க சொன்னா?"

"நான் சொன்னா நாமதான். எங்க வூட்லயும் தறி இருக்குது."

பிறகு மின்னட்டையை மீண்டும் உயர்த்தினாள். பிள்ளைகள் உரக்கச் சொன்னார்கள். வகரத்தின் பேதம் ஒருவருக்கும் வரவில்லை. கடைசி பெஞ்சில் பேனா எதையோ எழுதிக்கொண்டிருந்தது.