இயலாது என்னும் சொல்

விமானியும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரும் பேசும் சொற்கள் அளந்து வைக்கப்பட்டவை. அவற்றில் ஒன்று ‘அனேபிள்’. இயலாது. இரு தரப்பும் சொல்லலாம், குழைய வேண்டியதில்லை.

கட்டுப்பாட்டாளரின் முதல் வேலை விமானங்கள் மோதாமல் பிரித்து வைப்பது. மேலெழுந்ததும் இந்தத் திசையில் திரும்பு, இந்த உயரத்தில் நில் என்று அவர் சொல்வது அதற்காகத்தான். எதிரே நிற்கும் இடிமேகத்தை விமானத்தின் மூக்கிலுள்ள ரேடாரில் பார்ப்பவர் விமானி. விலக வழி கேட்பது அவர் பொறுப்பு. வழி கிடைக்காமல் ஆபத்து நெருங்கினால் இறுதி முடிவும் அவருடையதே. பன்னாட்டு விதி அப்படி.

1982 ஜூலை 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் பான் ஆம் 759 கிளம்பும் முன்பே காற்று முறிவு எச்சரிக்கை வானொலியில் வந்தது. ஆனாலும் கிளம்பினார்கள். மேகத்திலிருந்து கீழ்நோக்கிக் கொட்டிய காற்றில் விழுந்து, தரையிலிருந்த 8 பேரோடு சேர்த்து 153 பேர் இறந்தார்கள். கடலூர் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டும் இப்படித்தான், சொல்வதோடு சரி.

சொல்லியும் கிடைக்காத கதை 2025 மே 21இல் நடந்தது. டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் போன இண்டிகோ விமானம் பதான்கோட் அருகே ஆலங்கட்டிப் புயலைக் கண்டு இடப்பக்கம் விலகக் கேட்டது. இந்தியத் தரப்பு மறுத்தது. எல்லைக்கு அப்பால் லாகூரும் மறுத்தது. திரும்பவும் நேரமில்லை. விமானிகள் மேகத்துக்குள்ளேயே போய், நொறுங்கிய மூக்கோடு, எல்லோரையும் உயிருடன் இறக்கினார்கள். யார் செய்தது சரி என்று நாடே பேசியது. எனக்கோ, கேட்டதும் மறுத்ததும் முடிவெடுத்ததும் யார் யார் என்று பதிவில் தெளிவாக இருந்ததே பெரிதாகப் பட்டது. வீடுகளில் அப்படிப் பதிவு ஏது?

இந்திய விமானிகளில் ஏறத்தாழ 15 சதவீதம் பெண்கள். உலகச் சராசரியைவிட இது மிக அதிகம். அவர்களுக்குச் சம்பளத்தோடு ‘இயலாது’ம் கற்றுத்தரப்படுகிறது. சிதம்பரத்தில் என் வகுப்புப் பெண்களிடம் இருப்பவை ‘பாக்கலாம் மேடம்’, ‘வீட்ல கேட்டுச் சொல்றேன்’. முதுகலை முடிக்குமுன் நிச்சயம் செய்துவிட்டார்கள் என்று வந்து நிற்கும்போதும் அதே சொற்கள்தான்.

போன பருவத்தில் கலைச்சொல்லாக்கப் பாடத்தில் ‘அனேபிள்’ஐக் கொடுத்தேன். சொன்னபின் வழக்கமாகக் காரணமும் சொல்ல வேண்டும் என்றேன். தேவனாம்பட்டினத்துப் பெண் எழுந்தாள். “காரணம் சொன்னா அதுக்கொரு பதில் வச்சிருப்பாங்களே மேடம்?”

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.