விதைத்தலும் புதைத்தலும்

திருவிழாவுக்கு அலங்கார விளக்குகள் கட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், இளைஞர் ஒருவர் நம்மைக் காண வந்தார். தள்ளுவண்டி வியாபாரிகளுக்குச் சூரிய விளக்குகளை நாள் வாடகைக்கு விட விரும்பினார். முதல் பத்து விளக்குகளுக்குப் பங்கு நிதியிலிருந்து உதவி கேட்டார். "பணம் திரும்பாவிட்டால் யார் பொறுப்பு?" என்றோம். அவர் மௌனமாகத் திரும்பிச் சென்றார்.

பெங்களூரின் செல்கோ நிறுவனத்தைப் பற்றி அண்மையில் வாசித்தபோது அவர் முகம் நம் நினைவில் எழுந்தது. 1995இல் அதை ஹரீஷ் ஹண்டேயுடன் தொடங்கிய நெவில் வில்லியம்ஸ், 1990இலேயே அமெரிக்காவில் இலாப நோக்கற்ற சூரிய ஒளி நிதியம் ஒன்றை நிறுவியவர். செல்கோ ஏழைகளுக்கு விளக்குகளை இலவசமாக வழங்கவில்லை. கிராமிய வங்கிகளின் கடனுக்கு வழிசெய்து, அவர்கள் வருவாய்க்கேற்பத் தவணை அமைத்தது. வங்கி கேட்ட முன்பணத்தைச் செலுத்த இயலாதோருக்கு அறநிதி கைகொடுத்தது. 2010இல் தோன்றிய செல்கோ அறக்கட்டளை, இன்று இத்துறையில் காலூன்ற முயலும் பிறருக்கும் துணைநிற்கிறது.

நாம் கேட்ட வினாவுக்கு விடை இதுவே. வங்கி ஏற்கத் தயங்கும் முதல் இழப்பை ஏற்கவே அறப்பணம் இருக்கிறது.

ஒரு தாலந்து பெற்ற பணியாளர் அதைத் திருடவில்லை. அஞ்சி மண்ணில் புதைத்தார். விதைப்பவரும் மண்ணில்தான் இடுகிறார். இருவருக்குமிடையே உள்ள வேறுபாடு நம்பிக்கை ஒன்றே. அதை மறையுரையில் பலமுறை விளக்கிய நாமே புதைத்தவரானோம்.

இவ்வாண்டு அலங்கார விளக்குகளைப் பாதியாகக் குறைத்துள்ளோம். வெளியூரில் கூலி வேலை செய்யும் அவ்விளைஞருக்குக் கடிதமும் எழுதியிருக்கிறோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.